பிழிந்து போட்ட துணி

ஒரு கடற்பஞ்சைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரியப் பேரரசின் வடக்கு ஓரத்தில், சிலேசிய மலைப்பகுதியில், 1820களை ஒட்டி நடந்தது இது. கிராஃபென்பெர்க் என்ற மலைக்குடியிருப்பில் ஓர் இளம் விவசாயி அந்தப் பஞ்சை ஊற்றுநீரில் நனைத்து, நோயென்று வந்தவர்களின் உடம்பைத் துடைத்துவிடுவார். வந்தவர்களில் பலர் தேறிப் போனார்கள். வெறும் தண்ணீரில் எப்படித் தேற முடியும்? பஞ்சுக்குள் ஏதோ மருந்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்றார்கள் பக்கத்து ஊரான ஃபிரைவால்டாவின் மருத்துவர்கள். சூனியம் என்றும் பேச்சு கிளம்பியது. பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போய் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அந்த இளைஞர் பஞ்சையே விட்டுவிட்டார், வெறுங்கையால் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸின் வாழ்க்கையில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். பிற்காலத்தில் இளவரசர்கள் அவர் வாசலில் காத்திருந்தார்கள், 1846இல் பேரரசர் தங்கப் பதக்கம் கொடுத்தார். அவையெல்லாம் வழக்கமான வெற்றிக் கதைகள். பஞ்சை அறுத்தவர்களோ உண்மையாகவே ஒன்றைத் தேடினார்கள். குணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. தேடிய இடம்தான் தவறு.

பிரீஸ்னிட்ஸ் 1799 அக்டோபர் 4ஆம் தேதி பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குக் கண்பார்வை போய்விட்டது, அண்ணன் இறந்துபோனார். அதனால் சின்ன வயதிலேயே மாடும் கலப்பையும் இவர் தலையில் விழுந்தன. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகவில்லை, எழுதப் படிக்க ஏதோ கொஞ்சம் தெரியும். அடிபட்ட மான் ஒன்று ஊற்றுக்கு வந்து, புண்பட்ட காலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் போனதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தார் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. மான் கதை இருக்கட்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் காலில் வீக்கம் என்றால் ஓடைத் தண்ணீரில் நிறுத்துவதும் ஈரத்துணி சுற்றுவதும் எந்த நாட்டுக் குடியானவருக்கும் தெரிந்த காரியம். அவர் அதை மனிதருக்குக் கொண்டுவந்தார். முதலில் தனக்கே செய்துகொள்ளவேண்டி வந்தது.

பதினேழு வயதை ஒட்டி, மிரண்டு ஓடிய குதிரை அவரைக் கீழே தள்ளியது, பாரம் ஏற்றிய வண்டி மேலே ஏறி இறங்கியது. விலா எலும்புகள் முறிந்தன. பிழைத்தாலும் இனிமேல் உடம்பு வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார் வைத்தியர். பையன் மரநாற்காலியின் விளிம்பில் வயிற்றை அழுத்தி, மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தி, உள்வாங்கிய எலும்புகளை வெளியே தள்ளினான். பிறகு துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டான். காய்ந்தால் மறுபடி நனைத்தான், மறுபடி கட்டினான். நிறையத் தண்ணீர் குடித்தான். கொஞ்ச நாளில் எழுந்து நடமாடினான். சுற்றுப்பட்டு ஊர்களில் இந்தச் செய்தி பரவியது. முதலில் மாட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், பிறகு ஆளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுகிறவற்றில் மிக எளியதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே அதற்குள் இருக்கிறது. பருத்தி அல்லது லினன் துணியைக் குளிர்ந்த நீரில் முக்கி, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழியவேண்டும். வலியுள்ள இடத்தில் சுருக்கமில்லாமல் சுற்றவேண்டும். அதன்மேல் காய்ந்த துணி ஒன்றோ கம்பளியோ ஈரம் வெளியே தெரியாமல் மூடவேண்டும். முதல் சில நிமிடம் சுரீரென்று குளிரும், தோலடியில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். பிறகு உடம்பு தன் சூட்டை அந்த இடத்துக்கு அனுப்பும், குழாய்கள் விரியும், துணிக்கடியில் இதமான வெப்பம் பரவும். குளிராகப் போட்ட துணி வெதுவெதுப்பாக மாறும். அந்த மாற்றம்தான் சிகிச்சை. துணி சூடாகவே இல்லையென்றால் உடம்பு பதில் சொல்லவில்லை என்று பொருள், உடனே எடுத்துவிட வேண்டும். சரியாகப் பிழியாவிட்டால் ஈரம் அதிகமாகி வெறும் குளிரே மிஞ்சும். ஆக, நீர் பாதி வேலைதான் செய்கிறது. மீதியை அந்த உடம்பு செய்யவேண்டும், அது செய்கிறதா என்று பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதையே உடல் முழுவதற்கும் விரித்தால் ஈரப்போர்வைச் சுற்று. கிராஃபென்பெர்க்கில் விடியலுக்கு முன்பே, நாலு மணி வாக்கில், பணியாள் வந்து எழுப்புவார். கனத்த கம்பளிகளை விரித்து ஆளைக் கைக்குழந்தையைப் போலக் கழுத்துவரை சுற்றிக் கட்டுவார். ஈரப்போர்வையோ, காய்ந்த கம்பளி மட்டுமோ, ஆளைப் பொறுத்தது. கையைக் காலை அசைக்க முடியாது. மணிக்கணக்கில் கிடந்து வேர்க்கவேண்டும். வேர்த்ததும் அவிழ்த்து, மலைநீர் ஓடிக்கொண்டிருக்கும் மரத்தொட்டியில் ஒரு முக்கு. பிறகு காட்டுக்குள் நடை. மரக்குழாய் வழியாக உயரத்திலிருந்து விழும் ஓடைநீரில், பனிக்காலத்திலும், தோளையும் முதுகையும் காட்டி நிற்கவேண்டும். விறகு பிளக்க வேண்டும். கறுப்பு ரொட்டி, வெண்ணெய், குளிர்ந்த பால், கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றுநீர். மதுவும் காப்பியும் தேநீரும் கிடையாது. 1839இல் ஒரே ஆண்டில் 1,500 பேருக்கு மேல் இப்படிக் கிடந்து வேர்த்து நடந்திருக்கிறார்கள். ருஷ்ய எழுத்தாளர் கோகோல்கூட இந்தத் தண்ணீரில் நின்றிருக்கிறார்.

புதிதாக வந்தவரின் முதல் குளியலின்போது பிரீஸ்னிட்ஸ் தானே பக்கத்தில் நிற்பாராம். அதிகம் பேசமாட்டார். தண்ணீர் பட்டதும் தோல் எப்படிச் சிவக்கிறது, எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது, சிவக்காமல் வெளிறியே இருக்கிறதா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் இந்த ஆளுக்கு எத்தனை குளியல், எவ்வளவு குளிர் என்று முடிவு செய்வார். தன்னால் ஆகாது என்று தோன்றியவர்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அவரிடம் நாடி சாஸ்திரம் இல்லை, உடற்கூறு நூல் இல்லை, லத்தீன் இல்லை. தோலைப் படிக்கத் தெரிந்திருந்தது.

அவர் சொன்ன காரணங்கள் சரியல்ல. உடம்பில் சேர்ந்த கெட்ட நீர்மங்கள் தோல் வழியாக வெளியேறுவதே குணம் என்று நம்பினார். நாள்கணக்கில் ஈரத்துணி சுற்றியதால் கட்டியும் கொப்புளமும் கிளம்பியபோது, கழிவு வெளியே வருகிறது என்று நோயாளிகள் மகிழ்ந்தார்கள். அது வெறும் தோல்புண் என்று இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலத்து மருத்துவத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏன் அத்தனை பேர் அந்த மலையேறினார்கள் என்று புரியும். காய்ச்சலுக்கு இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுப்பார்கள். கலோமெல் என்ற பாதரச உப்பை, வாய் புண்ணாகிப் பல் ஆடும்வரை கொடுப்பார்கள். அட்டை கடிக்க விடுவார்கள். 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. அப்படிப்பட்ட நாளில் இரத்தத்தை எடுக்காமல், விஷத்தைக் கொடுக்காமல், நல்ல காற்றும் தண்ணீரும் ரொட்டியும் நடையும் தந்த ஒருவரிடம் மக்கள் தேறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்படிச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்புக்குத் தொல்லை கொடுக்காமல் அது எழுந்திருக்கும்வரை துணைக்கு நிற்பது, அந்த நூற்றாண்டில் மிகச் சில வைத்தியர்களுக்கே கூடி வந்த அறிவு.

வழக்கு நடந்தது. உரிமமில்லாமல் வைத்தியம் பார்க்கிறார் என்று உள்ளூர் மருத்துவர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், கடைசியில் விடுதலை ஆனார். அந்த விசாரணையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. குணமான மாவரைப்புக்காரர் ஒருவரிடம், உமக்கு உதவியது வைத்தியரா, இவரா என்று கேட்டார்களாம். இரண்டு பேரும் உதவினார்கள், வைத்தியர் என் பணத்தைப் போக்கினார், இவர் என் மூட்டுவலியைப் போக்கினார் என்றாராம் அவர். 1830களில் அரசே குளியல் நிலையம் நடத்த அனுமதி தந்தது. நனைத்த துணி வைத்தியமாக ஊரும் நாடும் ஒப்புக்கொள்ள இத்தனை பாடு.

நனைத்த துணி என்றதும் எனக்கு என் அம்மாவின் கைதான் நினைவுக்கு வருகிறது. காய்ச்சல் என்றால் பழைய வேட்டியில் ஒரு முழம் கிழிப்பாள். புதுத்துணி ஆகாது, கஞ்சி போட்டது ஆகாது, துவைத்துத் துவைத்து நூல் பூத்துப்போன வேட்டிதான் வேண்டும், அதுதான் ஈரத்தைப் பிடிக்கும். பித்தளைச் சொம்பில் பானைத் தண்ணீர். நாலாக மடித்து நனைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்து, உதறி, நெற்றியில் போடுவாள். நெற்றியில் விழும் அந்த முதல் சில்லிப்பில் உடம்பே ஒரு தடவை தூக்கிப்போடும். அப்புறம் விளக்கைத் தணித்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை துணிக்கடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள். ‘சூடாயிடுச்சு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துப் புதிதாக நனைப்பாள். பாதித் தூக்கத்தில் எனக்குத் தெரிவது அந்த இரண்டு விரல் மட்டும்தான். இந்த வேலைக்கு யாருடைய பெயரும் எங்கள் ஊரில் கிடையாது. சிலேசியாவிலிருந்து இது எங்களுக்கு வந்ததாக நான் சொல்லவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. காய்ச்சல் இருக்கிற இடத்திலெல்லாம் யாரோ ஒருத்தி துணியை நனைத்திருப்பாள். பிரீஸ்னிட்ஸ் செய்தது அந்த வீட்டு வேலையை ஒரு முறையாக ஆக்கி, ஊரறிய நிறுத்தியதுதான்.

அந்த முறை ஐரோப்பா முழுக்கப் போயிற்று. கிளாரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் கிராஃபென்பெர்க்கில் இருந்துவிட்டுப் போய் 1842இல் ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்தின் மால்வெர்ன் மலையடியில் ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் கல்லி என்ற இரண்டு மருத்துவர்கள் தண்ணீர் வைத்தியம் ஆரம்பித்தார்கள். கல்லியிடம் 1849இல் சார்லஸ் டார்வின் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பல வருடமாக வாந்தியும் நடுக்கமும் களைப்பும் அவரை அரித்துக்கொண்டிருந்தன, மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். விடிகாலையில் குளிர்ந்த நீரில் உடம்பைத் தேய்த்தல், நாள் முழுக்க வயிற்றில் ஈரக்கட்டு, நடை. சில மாதங்களில் நன்றாகத் தேறினார், வீட்டுக்குத் திரும்பித் தோட்டத்திலேயே குளியலறை கட்டிக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1859 நவம்பரில், உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்த நாளில்கூட இல்க்லி என்ற ஊரின் தண்ணீர் வைத்திய விடுதியில்தான் இருந்தார்.

ஆனால் நடுவில் 1851 இருக்கிறது. அவருடைய செல்ல மகள் ஆனி, பத்து வயது, ஓயாத நோயோடு இருந்தாள். தனக்குக் கைகொடுத்த கல்லியிடமே அழைத்துப் போனார். அந்த ஏப்ரல் 23ஆம் தேதி ஆனி மால்வெர்னில் இறந்தாள். அங்கேயே தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கர்ப்பிணியாக இருந்த தாய் ஊரில் இருந்தாள், தகப்பன் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டு மகளின் கட்டிலருகே இருந்தார். தண்ணீர் அவளைக் கொல்லவில்லை. காப்பாற்றவும் இல்லை. தண்ணீர் வைத்தியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் மால்வெர்னில் தேறிய டார்வினைச் சொல்வார்கள், அதே ஊரில் புதைந்த ஆனியைச் சொல்லமாட்டார்கள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி பிரீஸ்னிட்ஸும் காலமானார், வயது 52.

அவருக்குப் பின் வந்தவர்களில் பவேரியாவின் செபாஸ்டியன் க்னைப் பாதிரியாரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். நெசவாளி மகன், 1821இல் பிறந்தவர். இறையியல் மாணவனாக இருக்கையில் சயரோகம் வந்து, பழைய தண்ணீர் வைத்தியப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்து, உறையும் குளிரில் டான்யூப் ஆற்றில் முங்கித் தேறியவர். வோரிஸ்ஹோஃபென் கிராமத்தில் விடிகாலைப் பனிப்புல்லில் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார், முழங்கால் அளவு நீரில் கொக்குபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னார். பிரீஸ்னிட்ஸின் கடுமையை அவர் வெகுவாகத் தணித்தார். நிமிடக்கணக்கு போதும், குளிர்ந்த உடம்பில் குளிர்ந்த நீர் படக்கூடாது என்பார். 1886இல் வந்த அவருடைய தண்ணீர் வைத்திய நூல் வீட்டுக்கு வீடு போயிற்று. இன்றும் ஜெர்மன் ஊர்களின் பூங்காக்களில் அந்த முழங்கால் நீர்த்தொட்டிகள் இருக்கின்றன.

நம் பக்கம் வந்து சேர்ந்தவர் இவர்கள் இருவருமல்ல, லூயி கூனே. லைப்ஸிக் நகரத்தில் தச்சுவேலை பார்த்தவர், 1883இல் சிகிச்சை நிலையம் தொடங்கினார். கூனேயிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லா நோயும் ஒரே நோய், வயிற்றில் சேரும் கழிவு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, இடுப்புக் குளியல் என்று அடித்துச் சொன்னார். முகத்தையும் கழுத்தையும் பார்த்தே கழிவு எங்கே தேங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றார். பிரீஸ்னிட்ஸ் ஆளுக்கு ஆள் தோலைப் பார்த்து அளவு வைத்தவர், தன் கையால் ஒரு புத்தகமும் எழுதாதவர். கூனேயின் கையில் அந்தக் கைப்பழக்கம் கோட்பாடாகிவிட்டது. கோட்பாட்டைக் கப்பலில் ஏற்றலாம், கைப்பழக்கத்தை ஏற்ற முடியாது. அதனால்தான் கூனே இந்தியா வந்து சேர்ந்தார் என்று நினைக்கிறேன். அவர் புத்தகம் நம் மொழிகளுக்கு வந்தது, அதைப் படித்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தி.

காந்தியின் சுயசரிதையில் 1902இல் பம்பாய் கிர்காமில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. பத்து வயது மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா அறிகுறி, இரவில் பிதற்றல். முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார் பார்சி டாக்டர். காந்தி மறுத்தார். கூனே முறைப்படி மூன்று நிமிட இடுப்புக் குளியல், தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. காய்ச்சல் இறங்கவில்லை, 104 வரை ஏறியது. ஒரு ராத்திரி, படுக்கை விரிப்பை நனைத்துப் பிழிந்து, தலையை மட்டும் விட்டுப் பையனை அதில் சுற்றி, மேலே இரண்டு கம்பளி போர்த்தி, தலையில் ஈரத்துண்டு போட்டார். கிராஃபென்பெர்க்கின் ஈரப்போர்வை அப்படியே. உடம்பு காய்ந்த இரும்பாகக் கொதித்தது, வேர்க்கவே இல்லை. தாங்க முடியாமல் பையனைத் தாயிடம் விட்டுவிட்டுச் சௌபாட்டி கடற்கரைக்குப் போய் ராமநாமம் சொல்லிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது, அவிழ்த்துவிடச் சொல்லிப் பையன் கெஞ்சுகிறான், நெற்றியில் வேர்வை.

அந்த அப்பாவின் துணிச்சலை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடிந்ததில்லை. ஒரு குழந்தையின் உயிரைத் தன் கொள்கையோடு சேர்த்துத் தராசில் வைத்தவர் அவர், அதை அவரும் அறிந்திருந்தார். அதேசமயம், 1902இல் டைபாய்டைக் கொல்லும் மருந்து எந்த டாக்டர் பையிலும் கிடையாது, குளோராம்பெனிகால் வந்தது 1940களின் கடைசியில். அன்று அந்த நோயில் பிழைப்பது பெரிதும் பராமரிப்பைப் பொறுத்தது. பையன் தேறியது கடவுள் அருளாலா, தண்ணீராலா, பத்தியத்தாலும் பணிவிடையாலுமா என்று யார் சொல்ல முடியும் என்ற பொருளில் அவரே எழுதிவிட்டார். தன் சிகிச்சை வெற்றிபெற்ற இடத்தில் இப்படிக் கேட்டுக்கொண்ட நேர்மை, அந்தத் துறையில் எழுதியவர்களிடம் நான் அதிகம் பார்க்காதது. நாற்பது நாள் பாலும் பழச்சாறும் ஊட்டிய கைகளை அவர் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை.

1946இல் புணே பக்கம் உருளி காஞ்சனில் காந்தி இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே புதுக்கோட்டை லட்சுமண சர்மா இந்த வழியில் இறங்கியிருந்தார். இன்று சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியிலேயே இது பாடம். இடுப்புக் குளியல், முதுகுத்தண்டுக் குளியல், ஈரத்துணிப் பட்டி, மண்பட்டி என்று வார்த்தைகள் தமிழில் நிலைத்துவிட்டன.

எங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது. அப்பா பள்ளி ஆசிரியர், காந்தி அபிமானி. தகரப் பட்டறையில் படம் வரைந்துகொடுத்துச் செய்யச் சொன்னார். முதுகுப்பக்கம் சாய்வு நாற்காலி மாதிரி உயர்ந்து, முன்பக்கம் தணிந்து, கால் இரண்டும் வெளியே முக்காலிமேல் இருக்கும்படியான தொட்டி. தொப்புள் மட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர். கரடுத்துணியை நாலாக மடித்து, அடிவயிற்றை வலமும் இடமும் தேய்த்துக்கொண்டே கால் மணிநேரம் உட்கார்ந்திருப்பார். கைப்பிடி பற்றவைத்த இடத்தில் ஈயம் விட்டு ஒழுகும், அங்கே தார் பூசியிருப்பார். மார்கழியிலும் தவறமாட்டார். மலச்சிக்கல் போயிற்று, தூக்கம் வந்தது என்பார். அவருக்கு வந்தது உண்மைதான், நாங்கள் பார்த்தோம்.

என் அத்தைக்கு நடந்ததும் உண்மை. சர்க்கரை நோய்க்காரி. ஒரு இயற்கை வைத்திய முகாமில், ஊசியும் மாத்திரையும் விஷம், நிறுத்து, பட்டினியும் தொட்டியும் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். நிறுத்தினாள். கால் விரலில் வந்த புண் ஆறவில்லை, பாதம் வரை எடுக்கவேண்டி வந்தது. அந்த முகாமில் அவளுடைய தோலை யாரும் பார்க்கவில்லை, வந்த நாற்பது பேருக்கும் ஒரே அட்டவணை. உனக்கு என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லத் தெரியாத இடத்தில் தண்ணீர்கூட ஆபத்துதான். கிராஃபென்பெர்க்கின் அதிகம் படிக்காத குடியானவர் ஆட்களைத் திருப்பி அனுப்பினார் என்பதை நான் அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

கிராஃபென்பெர்க் என்ற பெயர் இன்று வரைபடத்தில் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன்காரர்களை வெளியேற்றினார்கள், ஊர் செக் நாட்டின் லாஸ்னே யெசெனிக் ஆயிற்று. குளியல் நிலையம் இன்னும் நடக்கிறது. சுற்றியுள்ள காட்டில், குணமாகிப் போனவர்கள் தங்கள் நாட்டின் பெயரால் எழுப்பிவிட்டுப் போன நினைவுக்கற்களும் ஊற்றுகளும் இருக்கின்றன. பிரீஸ்னிட்ஸ் வேறோர் இடத்திலும் இருக்கிறார். போலந்து மொழியில் ஷவர் குளியலுக்குப் பெயர் பிரிஷ்னிட்ஸ். ஹங்கேரியில் ஈரக்கட்டுக்கு அவர் பெயர்தான். காலையில் குளிக்கப்போகும் வார்ஸா நகரத்துப் பிள்ளைக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எழுதாத ஒருவரை மொழி எழுதி வைத்துக்கொண்டது.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. வயது எண்பத்து மூன்று. டாக்டர் வந்து பார்த்து, இரத்தம் எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாத்திரை வேலை செய்ய நேரமாகும், அதுவரை துணி நனைத்துப் போடலாம் என்றும் சொன்னார். வீட்டில் பழைய வேட்டியே இல்லை. என் பனியன் ஒன்றைக் கிழித்தேன். குழாய்த் தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டேன். கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள்.

‘காதுக்குள்ள தண்ணி ஓடுதுடா. நல்லாப் பிழி.’

எடுத்துப் பிழிந்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் துணிக்கடியில் இரண்டு விரலை நுழைத்தேன்.

‘சூடாயிடுச்சா?’ என்றாள்.

‘ஆயிடுச்சும்மா.’

‘அப்ப மாத்து.’